இருபத்தொன்பது சி

ஓட்டேரியில் இரும்புக்கடை மாடி.
செவ்வாய், வெள்ளி, டூட்டி முடிந்து ஏழரைக்கு.
பதவி உயர்வுக்குக் கம்ப்யூட்டர் சான்றிதழ் வேண்டுமாம்.
நாற்பத்தாறு வயதில்
காக்கிச் சட்டையோடு கடைசி பெஞ்சில் நான்.
மடியில் தோல்பை.
அசைந்தால் சில்லறை பேசும், வகுப்பே திரும்பும்.

எப்சிபா மிஸ் மணிச்சட்டத்தில் ஏறி
நடுவில் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் போனார்.
தறிக்கு வழி சொன்ன ஓட்டை அட்டை,
பல்சக்கரம்,
பிறகு ஹால் நிறைய வால்வு எரிய
முப்பது டன்னில் ஒரு கணக்குப்பிள்ளை.
முப்பது டன் என்றால் எங்கள் டிப்போ வண்டி மூன்று.
மூன்றையும் மடித்து
டிக்கெட் மெஷினாக என் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள்.
பேட்டரிதான் அடையாறு வரை தாங்காது.

"உள்ளே ரெண்டே ரெண்டுதான் சார்.
ஒன்று, பூஜ்யம்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒரு விசில், நில்.
இரண்டு விசில், போ.
ஓட்டும்போது தணிகாசலம் என் முகம் பார்த்ததில்லை.
பத்தொன்பது வருஷமாய் இந்த இரண்டை வைத்தே
பெரம்பூரைப் பெசன்ட் நகரில் சேர்க்கிறோம்.

பூஜ்யம்தான் இடித்தது.
ஒன்றுமில்லாததை எதற்கு மிஸ் எழுத வேண்டும்?
போர்டைத் துடைத்துக்கொண்டே
"இடம் சார், இடம்" என்றார்.
அவ்வளவுதான்.

மறுநாள் காலை புரசைவாக்கம்.
வண்டி நிற்குமுன் ஜன்னல் வழியே
ஒரு துண்டு வந்து சீட்டில் விழுந்தது.
ஆள் இன்னும் ரோட்டில்.
சீட்டில் யாருமில்லை,
ஆனாலும் யாரும் உட்காரவில்லை.
அடுத்தவர் அடுத்த சீட்டுக்குத்தான் போனார்.
ஓ.

கீரைக்கட்டோடு ஏறிய அம்மாள்
கட்டணம் 0 என்று அச்சான சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"காசே இல்லாததுக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு?"
"நீ வந்தன்னு கணக்கு வாணாமா?"
மிஸ் இருந்திருந்தால் மார்க் போட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு.
இப்படி நாணயம் அடித்திருந்தால்
வகைக்கு ஒன்று பையில் போதும்,
முப்பத்தொன்று வரை எந்த மீதியும் தந்திருப்பேன்.
இத்தனை வருஷம் டிக்கெட் முதுகில் எழுதிக் கொடுத்த
மூன்று ரூபாய், ஏழு ரூபாய்,
இறங்கும்போது அவர்கள் மறந்து
நானும் மறந்தது.
நான் மறந்தேன் என்பது முழுக்க உண்மையில்லை.

அப்புறம் பதினாறு அடிமானம்.
ஒன்பதுக்குமேல் இலக்கம் தீர்ந்து
ஏ, பி, சி என்று எழுத்து ஏறியதும்
வகுப்பு மொத்தமும் முழித்தது.
நான் மட்டும் நிமிர்ந்தேன்.
29சி.
இரண்டு இருநூற்றைம்பத்தாறு,
ஒன்பது பதினாறு,
சிக்குப் பன்னிரண்டு.
அறுநூற்று அறுபத்தெட்டு!
12பி, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
5இ, வெறும் தொண்ணூற்று நாலு.
21ஜியில் மாட்டிக்கொண்டேன்.
"எஃப்போடு முடிஞ்சுது சார், ஜி கிடையாது."
தினம் தாம்பரத்திலிருந்து
மூச்சு முட்ட வருகிற வண்டி மிஸ்,
கிடையாது என்றால் எப்படி?

இப்போதெல்லாம் நிற்பவர்களை ஒரு கையில் எண்ணுகிறேன்.
இன்னொரு கை கம்பிக்கு.
கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் பதினாறு.
ஜெமினியில் ஆள்காட்டி மட்டும் மடங்கியிருந்தது,
இருபத்தொன்பது.
"இன்னாண்ணே, சுளுக்கா?" என்றான் படியில் தொங்கிய பையன்.
லஸ்ஸில் கூட்டம் கரைந்தது,
அடையாறில் இரண்டு விரல்.
பெசன்ட் நகரில் கடைசி ஆளும் இறங்க
கை தானாக மூடிக்கொண்டது.

காலியாகத் திரும்பும் வண்டி.
யாருமில்லாவிட்டாலும்
இரண்டு விசில்.